வாசகர் கேள்வி: மதுரையின் அட்சக்கோட்டிலிருந்து வானியல் படிப்பது எப்படி?

கேள்வி: ஐயா, உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் மதுரைக்கு வந்து பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். கருந்துளை, விண்மீன்களின் பிறப்பு என்றெல்லாம் இருக்கும் என்று நினைத்து இந்தப் பருவத்தில் அறிமுக வானியலை விருப்பப் பாடமாக எடுத்தேன். ஆனால் முதல் அலகு முழுவதும் கோளமும் கோணமுமாக இருக்கிறது. இரண்டாம் அலகு மேக்னிட்யூடும் மடக்கையுமாகப் போகிறது. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா? தொலைநோக்கி வாங்கினால் புரியுமா? 15,000 ரூபாய் வரை செலவழிக்க அப்பா தயாராக இருக்கிறார். மேற்படிப்புக்கு இதில் வழி உண்டா? உறவினர்களோ ‘ஜாதகம் பார்க்கவா படிக்கிறாய்’ என்று கேலி செய்கிறார்கள். எனக்குப் புரியாத பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள மாணவிக்கு, பாடத்தை மாற்ற வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். உங்கள் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது என் கணிப்பு. அதில் வான்கோளத்தின் வட துருவம் அடிவானத்திலிருந்து 40 பாகை உயரத்தில் வரையப்பட்டிருக்கிறது. அது அமெரிக்காவின் நடுப்பகுதியிலோ தென் ஐரோப்பாவிலோ நிற்பவருக்குத் தெரியும் வானம். நம் கல்லூரிகளில் புழங்கும் அறிமுக நூல்களில் பல அந்த நாடுகளின் மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. நூலாசிரியர்மேல் பிழை சொல்ல முடியாது, அவர் தம் வீட்டு வாசலில் தெரியும் வானத்தை வரைந்திருக்கிறார். நீங்கள் நிற்கும் இடமோ வட அட்சம் ஏறத்தாழ 10 பாகை. சப்தரிஷி மண்டலம் மறைவதே இல்லை என்றும், நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே விழும் என்றும், கோடையின் உச்சத்தில் பகல் பொழுது வெகுவாக நீளும் என்றும் அந்த நூல் சொல்லும்போது, நீங்கள் பிறந்தது முதல் கண்ணால் கண்ட எதனோடும் அது பொருந்துவதில்லை. பொருந்தாத ஒன்றை மனப்பாடம் செய்யத்தான் முடியும். தேர்வில் எண்களைச் சற்று மாற்றிக் கேட்டதும் மனப்பாடம் கைவிட்டுவிடும்.

ஆகவே முதல் வேலையாக, அந்தப் படத்தை மதுரையின் அட்சக்கோட்டுக்கு மாற்றி நீங்களே வரைய வேண்டும். விரித்த குடை ஒன்றின் கம்பி வட துருவத்தை நோக்கியிருப்பதாகவும், குடைத் துணியில் விண்மீன்கள் பதிந்திருப்பதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். 40 பாகையில் நிற்பவருக்கு அந்தக் கம்பி நன்றாகச் சாய்ந்து மேலெழுந்திருக்கும். உங்களுக்கோ அது ஏறத்தாழத் தரையில் படுத்திருக்கும், வடக்கு நுனி மட்டும் 10 பாகை தூக்கியிருக்கும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நமக்கு நிற்கிறது. மதுரை நகருக்குள் கட்டடமும் புழுதியும் அதை விழுங்கிவிடும். உங்கள் ஊரில் வடக்கே திறந்த வயல்வெளி இருந்தால் தெளிவான இரவில் காணலாம். கம்பி படுத்துவிட்டதால் வான நடுக்கோடு கிழக்கே எழுந்து, தலைக்கு நேர் உச்சியிலிருந்து 10 பாகை தெற்கே விலகிச் சென்று, மேற்கே இறங்குகிறது. விண்மீன்கள் நமக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக உதிக்கின்றன, செங்குத்தாக மறைகின்றன. துருவத்திலிருந்து 10 பாகைக்குள் இருப்பவை மட்டுமே மறையாமல் சுற்றும். சப்தரிஷி அந்த வட்டத்துக்குள் வராது.

படத்தை வரைந்த பின் ஒரே ஒரு விதி போதும். ஒரு விண்மீன் தலைக்கு மேலே செல்லும் வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும் தருணத்தில் அதன் ஏற்றக்கோணம், 90 பாகையிலிருந்து உங்கள் அட்சத்துக்கும் அதன் டெக்லினேஷனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்தால் வருவது. டெக்லினேஷன் என்பது வான நடுக்கோட்டிலிருந்து விண்மீன் வடக்கேயோ தெற்கேயோ விலகியிருக்கும் கோணம்; தெற்கே என்றால் அதைக் குறை எண்ணாகக் கொள்ளுங்கள். கணக்கைத் தாளில் போட்டுவிட்டு வெளியே போய்ச் சரிபார்க்க இந்தப் பருவம் வாய்ப்பானது, ஏனெனில் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் விலகிய பிறகு ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கத்து இரவுகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். திருவாதிரையின் டெக்லினேஷன் வடக்கே 7.4 பாகை, ஆகவே அது மதுரையில் 87 பாகைக்கும் மேலே, ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே கடக்கும். சிரியஸ் தெற்கே 16.7 பாகை, கடக்கும்போது உயரம் 63 பாகை. அகத்திய நட்சத்திரம் எனப்படும் கனோபஸ் தெற்கே 52.7 பாகை, உயரம் 27 பாகை, அதாவது தெற்கு அடிவானத்திலிருந்து மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவு. அதே கணக்கை 40 பாகைக்குப் போட்டுப் பாருங்கள்: கனோபஸுக்கு விடை சுழிக்குக் கீழே போகும். வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன் அந்த நூலின் படத்தில் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

ரைட் அசென்ஷன், அதாவது வானத்தில் விண்மீனின் கிழக்கு-மேற்கு இடத்தை மணிக் கணக்கில் குறிக்கும் எண், மாணவர்களை அதிகம் மிரட்டும் பகுதி என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். இந்த நொடியில் எந்த விண்மீன் உங்கள் வடக்கு-தெற்குக் கோட்டில் இருக்கிறதோ, அதன் ரைட் அசென்ஷன்தான் உங்கள் ஊரின் இப்போதைய விண்மீன் நேரம். விண்மீன் நாள் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி கொண்டது. நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முந்துவதால், மாதத்துக்கு 2 மணி என முந்திவிடுகிறது. செப்டம்பர் 23 வாக்கில் நள்ளிரவில் அது சுழி மணி. அங்கிருந்து எண்ணினால் பிப்ரவரி 20 நள்ளிரவில் 10 மணி. நான்கு மணி நேரம் முன்னால், இரவு 8 மணிக்கு, 6 மணி. ஆனால் இங்கே ஒரு திருத்தம் வேண்டும். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டின் நேரம். மதுரை இருப்பதோ 78.1 பாகையில். வேறுபாடு 4.4 பாகை, பாகைக்கு 4 நிமிடம் வீதம் ஏறக்குறைய 18 நிமிடம் நாம் பின்தங்கியிருக்கிறோம். ஆகவே விண்மீன் நேரம் 6 மணி ஆவது கடிகாரத்தில் சுமார் 8.18-க்கு. திருவாதிரையின் ரைட் அசென்ஷன் 5 மணி 55 நிமிடம்; அது 8.13 வாக்கில் உச்சிக்கு வரும். கனோபஸ் 6 மணி 24 நிமிடம், 8.42 வாக்கில் நேர் தெற்கே நிற்கும். சிரியஸ் 9 மணியைத் தொட்டபின். பிப்ரவரி 20 அன்று இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று பாருங்கள். ஹவர் ஆங்கிள் என்பது ‘உச்சியைக் கடந்து எத்தனை நேரம் ஆயிற்று’ என்பதைத் தவிர வேறொன்றுமில்லை என்பது அதன் பிறகு யாரும் சொல்லாமலே பிடிபடும்.

பகலில் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. தரையில் 1 மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு அதன் நண்பகல் நிழலை மாதம் இருமுறை அளந்து வாருங்கள். மார்ச் 21 வாக்கில் நிழல் வடக்கே சுமார் 17 சென்டிமீட்டர் இருக்கும். ஏப்ரல் நடுவில் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வந்து நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21-இல் அது தெற்கே 24 சென்டிமீட்டர். டிசம்பர் 21-இல் வடக்கே 66 சென்டிமீட்டர். நண்பகல் என்று நான் சொல்வது கடிகாரத்தின் 12 மணி அன்று. நிழல் மிகக் குறுகும் நேரம் நமக்குச் சராசரியாக 12.18, பிப்ரவரி நடுவில் 12.32, நவம்பர் தொடக்கத்தில் 12.01. கடைசி இரண்டும் ஏன் இவ்வளவு விலகுகின்றன என்று கேட்டுக்கொண்டால், புவிப்பாதையின் நீள்வட்டமும் அச்சின் சாய்வும் உங்கள் வாசலுக்கே வந்துவிடும்.

பருவங்களைப் பற்றிய வினாவில் பலர் மதிப்பெண் இழப்பது சூரியனின் தொலைவைக் காரணமாக எழுதுவதால். ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிப் பனியில் நாம் நடுங்கும்போதுதான், புவி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடிக்கு விலகிவிடுகிறது. அச்சின் சாய்வுதான் காரணம். ஆனால் ‘ஜூனில் சூரியன் மிக உயரத்தில் இருக்கும்’ என்ற நூல் வாக்கியத்தை நமக்கு அப்படியே எழுதினால் அதுவும் தவறு: மதுரையில் ஜூன் 21 நண்பகலில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே 13.5 பாகை சரிந்துவிட்டிருக்கும். நம் பகல் பொழுது ஆண்டு முழுவதிலும் மாறுவது ஏறக்குறைய 70 நிமிடம் மட்டுமே; 40 பாகையில் அது ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். எந்த அட்சத்துக்கு எழுதுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். திருத்துபவருக்கு அது நல்ல அடையாளம்.

உறவினர்களின் கேலிக்கு வருகிறேன். பலன் சொல்வது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, இயற்பியலிலும் இல்லை. ஆனால் வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரின் திதி, பாடத்துக்கு நேராக உதவும். சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகுவது ஒரு திதி. வளர்பிறை அஷ்டமி என்றால் விலகல் 84 முதல் 96 பாகை. ஆகவே சூரியன் மறையும்போது நிலவு ஏறக்குறைய வடக்கு-தெற்குக் கோட்டில் நிற்கும். பௌர்ணமி என்றால் விலகல் 180. ஒன்று மறையும்போது மற்றது உதிக்கும். சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் வைகையில் இறங்கும்போது கூட்டம் முழுவதும் குதிரை வாகனத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மேற்கே முழுநிலவு அடிவானத்தை நெருங்கிக்கொண்டிருக்கும், கிழக்கே வெளுத்துக்கொண்டிருக்கும். அந்த நிலவு சித்திரை விண்மீனுக்கு அருகில் இருப்பதால்தான் அந்தப் பௌர்ணமிக்கு அப்பெயர், சில ஆண்டுகளில் சற்றுத் தள்ளியும் இருக்கும். நிலவு அங்கே என்றால் சூரியன் நேர் எதிரே மேட ராசிப் பக்கம் இருந்தாக வேண்டும். கண்ணுக்கே தெரியாத பகல் விண்மீன்களுக்கிடையே சூரியன் எங்கே இருக்கிறது என்பதைப் பழங்காலத்தார் கண்டறிந்த வழிகளுள் இதுவும் ஒன்று. கேலி செய்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஜாதகம் எழுதத் தெரிந்தவருக்கும் பல நேரம் இது தெரிந்திருக்காது.

இரண்டாம் அலகில் மேக்னிட்யூட், அதாவது பொலிவெண். எண் குறையக் குறையப் பிரகாசம் கூடுகிறதே என்பதுதான் முதல் தடுமாற்றம். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு தரமாகப் பிரித்த பழைய கிரேக்க வழக்கத்தின் எச்சம் அது. 5 தரம் வேறுபட்டால் ஒளி 100 மடங்கு வேறுபடும் என்று அதற்கு 1856-இல் கணித வடிவம் தந்தவர் நார்மன் போக்சன். அவர் 1861-இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்து, 1891-இல் இறக்கும் வரை நுங்கம்பாக்கத்திலேயே பணிபுரிந்தார். இதை நம் ஊர் மாணவர்களுக்கு யாராவது சொன்னால் அந்தச் சூத்திரம் இத்தனை அந்நியமாகத் தோன்றாது என்று நினைப்பதுண்டு. 5 தரத்துக்கு 100 என்றால் 1 தரத்துக்கு 2.512 மடங்கு. அவ்வளவுதான், மடக்கை அந்தப் பெருக்கலைக் கூட்டலாக்கித் தரும் கருவி.

மேலே பார்த்த இரண்டு விண்மீன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சிரியஸின் பொலிவெண் −1.46, கனோபஸ் −0.74. வேறுபாடு 0.72, 2.512-ஐ 0.72 அடுக்குக்கு உயர்த்தினால் 1.9 வரும், எனவே சிரியஸ் நம் கண்ணுக்கு ஏறக்குறைய இரு மடங்கு பிரகாசம். ஆனால் சிரியஸ் 2.64 பார்செக் தொலைவில், அதாவது 8.6 ஒளியாண்டில், பக்கத்திலேயே இருக்கிறது. கனோபஸ் சுமார் 95 பார்செக், 310 ஒளியாண்டு. இரண்டையும் 10 பார்செக்கில் நிறுத்திப் பார்ப்பதே தனிப் பொலிவெண். தொலைவின் மடக்கையை 5-ஆல் பெருக்கி, 5-ஐக் கழித்து, வந்ததைத் தோற்றப் பொலிவெண்ணிலிருந்து, அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் பொலிவெண்ணிலிருந்து, கழியுங்கள். சிரியஸுக்கு +1.4, கனோபஸுக்கு −5.6. வேறுபாடு 7 தரம், அதாவது 600 மடங்குக்கு மேல்! மங்கலாகத் தெரிந்தது உண்மையில் பல நூறு மடங்கு பேரொளி கொண்டது. இந்த ஒரு கணக்கைப் பார்க்காமல் மூன்று முறை போட்டுப் பழகிவிட்டால் அந்த அலகின் கணக்குகளில் பெரும்பாலானவை இதன் மாற்றுருவங்களாகவே தெரியும்.

நிறமாலை, விண்மீன் வகைகள், ஹெர்ட்ஸ்பிரங்-ரஸல் வரைபடம் ஆகியவை வரும் மூன்றாம் அலகு உங்களுக்கு எளிது, ஏனெனில் வீனின் விதியும் டாப்ளர் விளைவும் (ஒளிமூலம் நகர்ந்தால் அதன் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வது) மற்ற தாள்களில் படித்தவையே. அவை இங்கே எப்படிப் பயன்படுகின்றன என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரப் பகுதியில் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஆரவழியே பாய்கிறது என்று காட்டினார். இன்றும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவீட்டு அலகுகளை மாற்றுவதில்தான் பிழை மிகுதியாக நேர்கிறது: பார்செக் எங்கே, ஒளியாண்டு எங்கே, கோண விநாடி எங்கே என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். விடை வந்ததும் அது நம்பத் தகுந்ததா என்று ஒரு முறை பாருங்கள். சூரியனைத் தவிர்த்த மிக அருகிலுள்ள விண்மீனே 4 ஒளியாண்டுக்கு மேல் இருக்க, 0.3 ஒளியாண்டு என்று விடை வந்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள். தமிழ் வழியில் படித்ததை ஒரு குறையாக எண்ண வேண்டாம். படம் தெளிவாக இருந்தால் ஆங்கில விடை நான்கு எளிய வாக்கியங்களில் முடிந்துவிடும்.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். 15,000 ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பலவற்றின் தாங்கி ஆட்டம் காணும். ஒரு கோளைப் பிடித்து வைப்பதற்குள் மாணவருக்கு ஆர்வம் போய்விடும். உங்கள் முதல் இரண்டு அலகுகளுக்கும் வெறுங்கண்ணும் கோணமானியும் போதும். ஆசையாக இருந்தால் அந்தத் தொகையில் ஒரு பகுதிக்கு 10×50 இருகண் நோக்கி வாங்குங்கள். அதைச் சுவரிலோ தூணிலோ அழுத்திப் பிடித்து வியாழனைப் பார்த்தால் அதன் நான்கு பெரிய துணைக்கோள்களும் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். கோளை ஒட்டியிருக்கும்போது ஒன்றிரண்டு ஒளியில் கரைந்துவிடும். தொடர்ந்து சில வாரம் இரவுதோறும் அவற்றின் இடத்தைக் குறித்து வந்தால், கானிமீட் 7.15 நாளிலும் காலிஸ்டோ 16.7 நாளிலும் சுற்றுவதைக் கண்டு, கெப்லரின் மூன்றாம் விதியை நீங்களே சோதிக்கலாம். எந்தக் கருவியையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்; ஒரு கணம் போதும், பார்வை போய்விடும். மீதிப் பணத்தில் விடுமுறையில் அப்பாவோடு கொடைக்கானல் போய் வாருங்கள். ஆய்வகத்தில் பொதுமக்களுக்கான அருங்காட்சியகம் உள்ளது.

மேற்படிப்புக்கு வழி உண்டு, ஆனால் அது இயற்பியலின் வழியே செல்வது. பி.எஸ்சி. முடித்ததும் எம்.எஸ்சி. இயற்பியலைக் குறி வைத்து, ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வுக்கு மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே தயாராகுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயில் உள்ள வானியல் மையமான ஐயூக்கா, அதே ஊரின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம், நைனிதாலின் ஏரீஸ் ஆய்வு நிறுவனம் போன்றவை இருக்கின்றன. ஜெஸ்ட், நெட், கேட் போன்ற தேர்வுகள் அவற்றின் வாசல்கள். கொடைக்கானல் ஆய்வகமும் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு ஆய்வகமும் பெங்களூரு நிறுவனத்தைச் சேர்ந்தவை. இன்று வானியலாளரின் வேலை நேரத்தில் பெரும்பகுதி கணினியின் முன்னால்தான் கழிகிறது. எனவே அடுத்த பருவத்தில் இன்னொரு விருப்பப் பாடம் எடுக்க வாய்ப்பு வந்தால் பைத்தான் நிரலாக்கத்தை எடுங்கள், மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், புள்ளியியல் இயற்பியல் ஆகிய மூன்று தாள்களிலும் பாக்கி வைக்காதீர்கள்.